தனிக்கணினி இயக்குதளங்களின் எழுச்சியும் வீழ்ச்சியும்: ஒரு மதிப்பீடு

கணினியின் நுண்செயலி, நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தி, பயனருக்கு வேண்டிய நிரல்கள் அவற்றின்மீது ஓடுவதற்கு இடம் அமைத்துத் தரும் அடிப்படை மென்பொருள் இயக்குதளம் ஆகும். பள்ளிப் பாடநூல்களில் இது இயக்க அமைப்பு என்றும் வழங்கப்படுகிறது. 1970களின் நடுப்பகுதி முதல் இன்றுவரை தனிக்கணினிகளுக்கெனப் பல இயக்குதளங்கள் தோன்றியுள்ளன. அவற்றுள் பெருவழக்குப் பெற்றவை மிகச் சில. பெருவழக்குப் பெற்றவற்றிலும் பல, ஒரு தலைமுறைப் பயனர்கள் பழகி முடிப்பதற்குள் மறைந்துவிட்டன.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் இரண்டு கதைகளில் ஒன்றைக் கூறுகின்றனர். சிறந்தது வென்றது என்பது ஒன்று. சூழ்ச்சி வென்றது என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல. இயக்குதளத்தை அதற்காகவே தேடி வாங்குவோர் என்றும் குறைவு. கணினி வாங்கும்போது அது உடன் வருகிறது. தமக்கு வேண்டிய நிரல்கள் அதில் ஓடுவதால் மக்கள் அதிலேயே தங்குகின்றனர். எனவே ஓர் இயக்குதளத்தின் விதியைத் தீர்மானித்த கேள்விகள் இரண்டு: அதைக் கணினியில் ஏற்றித் தருவது யார்? மக்களிடம் ஏற்கெனவே உள்ள நிரல்களும் கோப்புகளும் அதில் பிழைக்குமா? தொழில்நுட்பச் சிறப்பு இவ்விரண்டுக்கும் அடுத்த இடத்தையே பெற்றது.

சிபி/எம்: முதல் பொதுத்தளம்

கேரி கில்டால் கலிபோர்னியா மாநிலத்தின் மான்டெரே நகரிலிருந்த கடற்படை முதுநிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பித்த ஆசிரியர். இன்டெல் 8080 நுண்செயலிக்காக 1974-இல் அவர் உருவாக்கிய இயக்குதளம் சிபி/எம். பின்னர் டிஜிட்டல் ரிசர்ச் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி அதனை விற்றார்.

அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு விதமாக இருந்தது. ஒரு கணினிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. கில்டால் இதற்கு எளிய தீர்வு ஒன்றைக் கண்டார். வன்பொருளை நேரடியாகத் தொடும் பகுதியை மட்டும் தனியே பிரித்து, அதற்குப் பயாஸ் என்று பெயரிட்டார். புதிய கணினி ஒன்றைச் செய்பவர் அந்தச் சிறு பகுதியை மட்டும் தம் கணினிக்கேற்ப மாற்றி எழுதினால் போதும். மற்றவை அப்படியே இயங்கும். அடுப்பு விறகடுப்பா, மண்ணெண்ணெய் அடுப்பா, எரிவாயு அடுப்பா என்பது மாறலாம்; பாத்திரத்தை மாற்ற வேண்டியதில்லை. இயக்குதளம் ஒரு பொதுச்சந்தை ஆனது இந்தப் பிரிப்பினால்தான். வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலியும் டிபேஸ் II என்னும் தரவுத்தள நிரலும் பல நிறுவனங்களின் கணினிகளில் ஓடின. 1980-இல் மைக்ரோசாப்ட் நிறுவனமே, ஆப்பிள் II கணினியில் சிபி/எம் நிரல்களை ஓட்டுவதற்கான அட்டை ஒன்றை விற்றது.

ஆயினும் சிபி/எம்மின் பொதுமை முழுமையானதன்று. நிறுவனத்துக்கு நிறுவனம் நெகிழ்வட்டுகளின் அமைப்பு வேறுபட்டது. திரையைக் கட்டுப்படுத்தும் குறிகளும் வேறுபட்டன. ஒரு கணினியில் எழுதிய வட்டை வேறு நிறுவனத்தின் கணினியில் படிக்க முடியாத நிலை இருந்தது. ஒரே மாதிரியான கணினி என ஒன்று வந்தால் இச்சிக்கல் தீரும் என்னும் எதிர்பார்ப்புக்குச் சந்தையில் இடம் இருந்தது. அந்த இடத்தை நிரப்பியது ஐபிஎம்.

டாஸ்: ஓர் ஒப்பந்த வாசகத்தின் வலிமை

ஐபிஎம் தன் தனிக்கணினியை 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிவித்தது. அதற்கான இயக்குதளத்தைத் தேடிய கதை பலமுறை சொல்லப்பட்டது. ஐபிஎம் அலுவலர்கள் தேடி வந்த நாளில் கில்டால் விமானம் ஓட்டப் போய்விட்டார். அதனால் பெரும் வாய்ப்பை இழந்தார் என்பது அக்கதை. அன்று அவர் விமானத்தில் சென்றிருந்தது உண்மை. ஆனால் அது தொழில் தொடர்பான பயணம். ஐபிஎம் நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட டிஜிட்டல் ரிசர்ச் தயங்கியதும் உண்மை. இவற்றைவிட முக்கியமான ஓர் உண்மையை அக்கதை மறைத்துவிடுகிறது. சிபி/எம்மின் புதிய வடிவமான சிபி/எம்-86 இயக்குதளத்தையும் ஐபிஎம் தன் கணினிக்கு விற்கத்தான் செய்தது. வாடிக்கையாளருக்குத் தெரிவு இருந்தது. பிசி டாஸ் 40 டாலர். சிபி/எம்-86 240 டாலர். அதுவும் கணினி வெளிவந்து பல மாதங்கள் கழித்தே கிடைத்தது. பந்திக்கு முந்து என்னும் பழமொழியை நன்கு விளக்கும் நிகழ்ச்சி இது. பந்திக்குப் பிந்தியதோடு ஆறு மடங்கு விலையும் கேட்டால் இலை போட ஆள் இருக்க மாட்டார்கள்.

பிசி டாஸின் மூலம் மைக்ரோசாப்ட் எழுதியதன்று. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் 1980-இல் எழுதிய 86-டாஸ் அது. மைக்ரோசாப்ட் முதலில் 25,000 டாலருக்கு உரிமம் பெற்று, 1981 ஜூலையில் மேலும் 50,000 டாலர் கொடுத்து முழு உரிமையையும் வாங்கியது. சிபி/எம் நிரல்களை எளிதில் மாற்றி எழுதிக்கொள்ளும் வகையில் 86-டாஸ் அமைக்கப்பட்டிருந்ததால் வேர்ட்ஸ்டாரும் டிபேஸும் விரைவில் டாஸுக்கு வந்து சேர்ந்தன. சிபி/எம் வீழ்ந்தபோது அதன் நிரல்கள் வீழவில்லை. அவை வீடு மாறிக்கொண்டன. அதனால்தான் பயனர்களும் தயங்காமல் மாறினர்.

மைக்ரோசாப்டின் உண்மையான ஆதாயம் ஐபிஎம்மிடம் பெற்ற பணம் அன்று. அதே இயக்குதளத்தைப் பிற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டதுதான். 1981-இல் அதன் மதிப்பைப் பலர் உணரவில்லை. ஐபிஎம் கணினியைப் போன்ற வேறு கணினி அப்போது கிடையாது. 1982 நவம்பரில் காம்பேக் நிறுவனம் ஐபிஎம்முக்கு ஒத்த கணினியை அறிவித்தது. ஐபிஎம்மின் பயாஸ் நிரலைப் பார்த்து எழுதாமல், அது செய்யும் வேலையை மட்டும் ஆராய்ந்து புதிதாக எழுதிக்கொண்டதால் சட்டமும் தடுக்க முடியவில்லை. பின்னர் ஒத்த கணினிகள் பெருகின. அவை எல்லாவற்றுக்கும் தேவைப்பட்டது எம்எஸ்-டாஸ். கணினி செய்வோர் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையைக் குறைத்தனர். இயக்குதளம் தந்தவருக்குப் போட்டி இல்லை. 1983-இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 விரிதாள் நிரல் சரியாக ஓடுகிறதா என்பதே ஒரு கணினி ஐபிஎம்முக்கு ஒத்ததா என்று அறியும் சோதனையாக மாறியது.

டாஸின் குறைகளோ பல. ஒரு நேரத்தில் ஒரு நிரலையே ஓட்டியது. நிரல்களுக்குக் கிடைத்த நினைவகம் 640 கிலோபைட் என்னும் எல்லைக்குள் அடங்கியது. கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. 1985-இல் வந்த கொமடோர் நிறுவனத்தின் அமிகா கணினி பல நிரல்களை ஒருசேர ஓட்டியது. வண்ணத்திலும் ஒலியிலும் டாஸ் கணினிகளைவிட வெகுதூரம் முன்னே நின்றது. ஆனால் அமிகாவின் இயக்குதளம் ஒரே ஒரு நிறுவனத்தின் கணினியோடு கட்டுண்டிருந்தது. 1994-இல் கொமடோர் நொடித்தபோது அதுவும் ஆதரவற்றுப் போனது.

மக்கின்டாஷ்: சிறப்பும் தனிமையும்

ஆப்பிள் நிறுவனத்தின் மக்கின்டாஷ் 1984 ஜனவரி 24 அன்று வெளிவந்தது. சாளரங்கள், படவுருக்கள், சுட்டி ஆகியவற்றைப் பொதுமக்களுக்குப் பழக்கியது அது. இக்கருத்துகளில் பல ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் முன்பே உருவானவை. 2,495 டாலர் விலையும் 128 கிலோபைட் நினைவகமும் தொடக்கத்தில் அதன் தடைகளாயின. லேசர் அச்சுப்பொறியும் 1985-இல் வந்த பேஜ்மேக்கர் நிரலும் சேர்ந்தபோது அதற்கென ஓர் உறுதியான தொழில் அமைந்தது. அச்சுப் பக்க வடிவமைப்பு அத்தொழில்.

ஆப்பிள் தன் இயக்குதளத்தைப் பிறருக்கு உரிமம் தராமல் வைத்திருந்தது. இதனை அந்நிறுவனத்தின் பெருந்தவறு என்று கூறுவோர் உண்டு. 1990களின் நடுவில் பிற நிறுவனங்களுக்கு உரிமம் தந்து பார்த்தபோது, அவை புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவருவதற்குப் பதில் ஆப்பிளின் வாடிக்கையாளரையே பிரித்துக்கொண்டன. 1997-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. எனவே உரிமம் தந்திருந்தால் வென்றிருக்கும் என்னும் கூற்று ஐயத்துக்கு உரியது.

ஆப்பிளை உண்மையில் தள்ளாட வைத்தது இயக்குதளத்தின் உள்ளமைப்பு. ஒரு நிரல் பழுதானால் கணினி முழுவதும் உறைந்து நிற்கும் பழைய அமைப்பு அது. அதற்கு மாற்றாகத் தொடங்கிய கோப்லாண்ட் என்னும் திட்டம் 1996-இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஸ்டீவ் ஜாப்ஸ் நிறுவிய நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்குவதாக ஆப்பிள் அறிவித்தது. யுனிக்ஸ் மரபைச் சேர்ந்த நெக்ஸ்ட் இயக்குதளத்தை அடித்தளமாகக் கொண்டு 2001 மார்ச்சில் மாக் ஓஎஸ் எக்ஸ் வெளிவந்தது. பழைய நிரல்களை ஓட்டுவதற்கான தனிப் பகுதி ஒன்றும் அதில் இருந்தது. பின்னர் நுண்செயலியை மாற்றிய இருமுறையும் ஆப்பிள் இதே வழியைப் பின்பற்றியது: பழையதைச் சில ஆண்டுகள் தாங்கிப் பிடித்து, பின் கைவிடுவது. பெயர் ஒன்றாக இருப்பினும் 1984-இன் இயக்குதளமும் இன்றைய மாக் ஓஎஸ்ஸும் வெவ்வேறு மென்பொருள்கள். ஓர் இயக்குதளம் இறந்து, அதன் பெயரில் மற்றொன்று வாழ்கிறது.

ஓஎஸ்/2: சிறந்ததன் தோல்வி

திறமையானது எப்போதும் வெல்லும் என நம்புவோர் ஓஎஸ்/2 இயக்குதளத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும். டாஸின் இடத்தில் வைப்பதற்கென ஐபிஎம்மும் மைக்ரோசாப்டும் கூட்டாக உருவாக்கியது இது. 1987 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஆண்டு இறுதியில் வெளிவந்தது. பின்னால் பெருநிறுவனம் ஒன்று, முன்னால் டாஸின் தெளிவான குறைகள். வெற்றிக்கு வேண்டிய எல்லாம் இருந்ததாகவே தோன்றியது.

முதல் தவறு எதற்காகக் கட்டுவது என்பதில் நிகழ்ந்தது. இன்டெல் 80386 நுண்செயலி அப்போதே கிடைத்தது. ஆனால் 80286 கணினிகளை வாங்கிய வாடிக்கையாளருக்கு ஐபிஎம் வாக்களித்திருந்ததால் ஓஎஸ்/2 பழைய 80286-க்கே எழுதப்பட்டது. அந்த நுண்செயலியில் டாஸ் நிரல்களைப் பாதுகாப்பாகப் பகிர்ந்து ஓட்டுவது கடினம். ஆகவே பல புதிய நிரல்களை ஒருசேர ஓட்டிய ஓஎஸ்/2, டாஸ் நிரலை ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே ஓட்டியது. மக்களிடம் இருந்தவையோ டாஸ் நிரல்கள். அதிக நினைவகமும் வேண்டியிருந்தது. நினைவகத்தின் விலை உயர்ந்திருந்த காலம் அது.

1990 மே 22 அன்று மைக்ரோசாப்டின் விண்டோஸ் 3.0 வெளிவந்தது. கட்டமைப்பில் அது ஓஎஸ்/2-க்கு இணையாகாது. டாஸின்மீது போர்த்திய போர்வை என்றே கூறலாம். ஆனால் வீட்டிலும் அலுவலகத்திலும் இருந்த கணினியிலேயே அது ஓடியது. பழைய டாஸ் நிரல்களையும் ஓட்டியது. பாலத்தில் பாதியைக் கடந்து காட்டியவரின் பின்னே மக்கள் சென்றனர். இரு நிறுவனங்களின் கூட்டும் முறிந்தது.

ஐபிஎம் தனித்து உழைத்து 1992-இல் வெளியிட்ட ஓஎஸ்/2 2.0 முந்தைய குறைகளைப் பெரும்பாலும் தீர்த்தது. டாஸ் நிரல்களை டாஸைவிடவும், விண்டோஸ் நிரல்களை விண்டோஸைவிடவும் நன்றாக ஓட்டும் என்று ஐபிஎம் விளம்பரம் செய்தது. அதில் மிகை அதிகமில்லை. ஆனால் அந்தச் சிறப்பே அதற்கு வினையாயிற்று. விண்டோஸுக்கு எழுதிய நிரல் ஓஎஸ்/2-இலும் ஓடும் என்றால், நிரல் எழுதுவோர் ஓஎஸ்/2-க்கெனத் தனியே ஏன் எழுத வேண்டும்? விண்டோஸுக்கு ஒருமுறை எழுதினர். இரு சந்தைகளும் கிடைத்தன. ஓஎஸ்/2-க்கே உரிய நிரல்கள் பெருகவில்லை. பழையதை ஓட்டாவிட்டால் யாரும் வர மாட்டார்கள். முழுமையாக ஓட்டினால் புதியதை யாரும் எழுத மாட்டார்கள். பின்னர் வந்த இயக்குதளங்களும் சிக்கித் தவித்த பொறி இது.

மற்றொரு தடையும் இருந்தது. ஐபிஎம் கணினியும் விற்றது. தம் போட்டியாளர் செய்த இயக்குதளத்தைத் தம் கணினியில் ஏற்றிக் கொடுக்கப் பிற கணினி நிறுவனங்களுக்கு விருப்பமில்லை. ஐபிஎம்மின் கணினிப் பிரிவுக்குமே விண்டோஸ் இன்றியமையாததாக இருந்தது. விண்டோஸ் 95-க்கான உரிமத்தை ஐபிஎம் பெற்றது அதன் வெளியீட்டு நாளான 1995 ஆகஸ்ட் 24 அன்று, விழா தொடங்கப் பதினைந்து நிமிடங்களே இருந்தபோது என்பது பின்னர் நீதிமன்ற விசாரணையில் பதிவாகியது. தன் சொந்த இயக்குதளத்தை வைத்துக்கொண்டு, எதிரியின் வாசலில் உரிமத்துக்குக் காத்திருந்த நிறுவனம் அது. வங்கிகளின் தானியங்கிப் பண இயந்திரங்களில் சில காலம் வாழ்ந்த ஓஎஸ்/2-க்கான ஆதரவை ஐபிஎம் 2006 இறுதியில் நிறுத்தியது.

விண்டோஸ்: வெற்றியும் அதன் முறைகளும்

விண்டோஸ் 95 டாஸையும் வரைகலை இடைமுகத்தையும் ஒரே பெட்டியில் தந்தது. தொடக்கப் பொத்தான் வழியே நிரல்களைத் திறக்கும் முறை உலகெங்கும் கணினிக் கல்வியின் முதல் பாடமானது. உள்ளே பழைய டாஸின் எச்சங்கள் இருந்தன. அவையே பழைய நிரல்களையும் விளையாட்டுகளையும் காப்பாற்றின. இதற்கிடையில் டேவ் கட்லர் தலைமையில் எழுதப்பட்ட விண்டோஸ் என்டி என்னும் உறுதியான கட்டமைப்பு 1993-இலேயே வந்திருந்தது. மைக்ரோசாப்ட் அவசரப்படவில்லை. எட்டு ஆண்டுகள் இரு வழிகளையும் இணையாக நடத்தி, 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வாயிலாக வீட்டுப் பயனரையும் என்டி அடித்தளத்துக்கு மாற்றியது. இயக்குதள வரலாற்றில் கவனமாகச் செய்யப்பட்ட குடிமாற்றம் இதுவே எனலாம். இது திறமையின் பக்கம்.

மறுபக்கமும் உண்டு. டாஸ் காலத்தில், கணினி நிறுவனம் விற்கும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் எந்த இயக்குதளத்தை ஏற்றினாலும், மைக்ரோசாப்டுக்குக் கட்டணம் செலுத்தும் வகையில் ஒப்பந்தங்கள் அமைந்தன. டிஜிட்டல் ரிசர்ச்சின் டிஆர் டாஸை ஏற்ற விரும்பும் நிறுவனம் இருமுறை பணம் கட்ட வேண்டும். அமெரிக்க நீதித்துறையுடன் 1994-இல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின்னரே இம்முறை நின்றது. விண்டோஸ் 3.1-இன் சோதனைப் பதிப்பில், பிற நிறுவனத்தின் டாஸ் இருப்பதைக் கண்டால் பிழைச்செய்தி காட்டும் மறைநிரல் இருந்ததும் வெளிப்பட்டது. 1998-இல் அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில், மைக்ரோசாப்டை இரண்டாகப் பிரிக்க 2000 ஜூனில் நீதிபதி ஆணையிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த ஆண்டு அவ்வாணையை நீக்கினாலும், சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்தது என்னும் முடிவை உறுதி செய்தது.

ஆகவே விண்டோஸின் வெற்றியைத் திறமை என்று மட்டும் எழுதினால் பாதி வரலாறு விடுபடும். சூழ்ச்சி என்று மட்டும் எழுதினால் மறுபாதி விடுபடும். பழைய நிரல்களைக் கைவிடாத பொறுமையும், கணினி விற்பனையின் வாயிலை அடைத்து நின்ற கெடுபிடியும் ஒரே நிறுவனத்தின் இரு கைகளாக இயங்கின. தான் வகுத்த பாதையை அந்நிறுவனமே மீறியபோது அதுவும் தண்டனை பெற்றது. 2007-இல் பொதுவிற்பனைக்கு வந்த விஸ்டாவில் பழைய கருவிகள் பலவற்றுக்கு இயக்கிகள் கிடைக்கவில்லை. பலர் எக்ஸ்பியிலேயே தங்கினர். 2012-இல் விண்டோஸ் 8 தொடக்கப் பொத்தானை நீக்கியது. பயனர்களின் எதிர்ப்பால் மறு ஆண்டே 8.1 பதிப்பில் அது திரும்பி வந்தது.

லினக்ஸ்: எந்தக் களத்தில் தோல்வி?

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் மென்பொருள்கள் அதனோடு சேர்ந்து முழு இயக்குதளம் ஆயிற்று. மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் எவர்க்கும் உரிமை உண்டு. விலை தடையில்லை, உரிமத்தை மறுப்பார் இல்லை. அவ்வாறாயின் தனிக்கணினிகளில் அது ஏன் பெருவழக்குப் பெறவில்லை?

2007-இல் வந்த ஆசுஸ் ஈ பிசி என்னும் சிறிய, விலை குறைந்த மடிக்கணினி இதற்கு விடை தருகிறது. அது லினக்ஸ் ஏற்றப்பட்டே விற்பனைக்கு வந்தது. மக்கள் விரும்பி வாங்கினர். ஏற்றித் தருபவர் இருந்தால் லினக்ஸும் விற்கும் என்பது உறுதியாயிற்று. உடனே மைக்ரோசாப்ட், விடைபெறவிருந்த எக்ஸ்பியின் ஆயுளை இத்தகைய மலிவுக் கணினிகளுக்காக நீட்டித்தது. விரைவில் அவ்வகைக் கணினிகளில் பெரும்பாலானவை எக்ஸ்பியுடன் வரலாயின. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்தாண்டு உழைத்து மாறியது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. வெளி அலுவலகங்களுடன் கோப்புகளைப் பரிமாறுவதிலும், விண்டோஸுக்கென எழுதப்பட்ட நிரல்களை ஓட்டுவதிலும் ஏற்பட்ட தொல்லைகள் அங்கு எழுந்த குறைகளுள் அடங்கும்.

பழைய நிரல்களின் சுமை இல்லாத களங்களில் நிலைமை தலைகீழ். உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸில் இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் கருநிரலும் அதுவே. ஆகவே லினக்ஸ் தரத்தில் தோற்றது என்பது பொருந்தாது. மேசைக்கணினி என்னும் ஒரு களத்தில், பிறர் முன்பே பூட்டி வைத்த வாசலில் அது நின்றது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான ஒரு காட்சி உண்டு. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் ஏற்றித் தரப்பட்டன. ஏற்றித் தருதல் என்னும் முதல் தடை அங்கு நீங்கியது. ஆனால் தட்டச்சு மையத்திலும் அச்சகத்திலும் அலுவலகத்திலும் புழங்கிய நிரல்கள் விண்டோஸுக்கானவை. இரண்டாவது தடை அப்படியே நின்றது.

வீழ்ச்சியின் விலை

ஓர் இயக்குதளம் மறையும்போது அதன் உரிமையாளர் வேறு தொழிலுக்குச் சென்றுவிடுவார். இழப்பு பயனருடையது. இதனைத் தமிழர் நேரடியாகவே அறிவர். டாஸ் காலத்திலும் விண்டோஸின் தொடக்கக் காலத்திலும் இயக்குதளங்கள் தமிழை அறியவில்லை. எனவே ஒவ்வொரு மென்பொருளாளரும் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துத் தத்தம் குறிமுறைகளை உருவாக்கினர். இலங்கைத் தமிழரிடையே பாமினி பரவியது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் முதலியவை வழங்கின. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாடு டாம், டாப் ஆகிய குறிமுறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. விண்டோஸ் 2000 இயக்குதளம் ஒருங்குறித் தமிழையும் லதா எழுத்துருவையும் தன்னகத்தே கொண்டு வந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டச்சு செய்யப்பட்ட மலர்கள், ஆய்வேடுகள், ஊர் வரலாறுகள் என்னாயின? உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றுகின்றன. மாற்றி நிரல்கள் உள்ள குறிமுறைகள் தப்பின. டாஸ் நிரல்களில் எழுதி நெகிழ்வட்டில் சேமித்தவற்றின் நிலை மேலும் கடினம். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடா; நெகிழ்வட்டைப் படிக்கும் கருவியும் அரிதாகிவிட்டது. பனையோலைச் சுவடி முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கண்ணால் படிக்கத்தக்கது. முப்பது ஆண்டுக்கு முந்தைய கணினிக் கோப்புக்கு அந்த உறுதி இல்லை.

ஆதரவு நின்ற இயக்குதளத்தால் வரும் இடர் மற்றொன்று. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்தது. எனினும் பண இயந்திரங்களில் அது தொடர்ந்ததால், 2019 ஜூனுக்குள் அவற்றை மாற்றி முடிக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2018-இல் வங்கிகளுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நிறைவுற்றது. விண்டோஸ் 11 குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லையும் அண்மைக்கால நுண்செயலியையும் கேட்பதால், நன்றாக ஓடும் கணினிகள் பலவும் முறைப்படி அதற்குத் தகுதி பெறவில்லை. பழையதைக் கைவிடாமையால் எழுந்த இயக்குதளம், இப்போது பழைய கணினிகளைக் கைவிடுகிறது. அக்கணினிகளில் லினக்ஸ் ஏற்றிப் பயன்படுத்த முடியும் என்பதைப் பள்ளிகளும் நூலகங்களும் அறிந்திருப்பது பணத்தையும் மின்குப்பையையும் மிச்சப்படுத்தும்.

மதிப்பீடு

ஐம்பது ஆண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, சிபி/எம்மை டாஸும், டாஸை விண்டோஸும் மாற்றியபோது புதியது பழைய நிரல்களை ஏதோ ஒரு வழியில் உடன் அழைத்து வந்தது. அவ்வாறு அழைத்து வராத அமிகா போன்றவை சிறப்பிருந்தும் ஒதுங்கின. இரண்டாவதாக, கணினியில் ஏற்றித் தரும் உரிமை யார் கையில் இருந்தது என்பது ஓஎஸ்/2-இன் வீழ்ச்சியையும் லினக்ஸின் தேக்கத்தையும் பெரிதும் விளக்குகிறது. மூன்றாவதாக, நிலைபெற்ற இயக்குதளத்தை அதே களத்தில் எதிர்த்து வென்றவர் அரிது. களமே மாறியபோதுதான் ஆட்சி மாறியது. விண்டோஸ் இன்றும் மேசைக்கணினியில் பெரும்பான்மை; ஆனால் மக்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் கணினி இப்போது கைப்பேசியாகிவிட்டது. அங்கு அதற்கு இடம் இல்லை.

கணினிக் கல்வி இவ்வரலாற்றிலிருந்து கற்கக்கூடியது ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட இயக்குதளத்தின் பொத்தான்கள் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்த மாணவரின் அறிவு அடுத்த பதிப்பு வரும்வரையே பயன்படும். கோப்பு என்றால் என்ன, குறிமுறை என்றால் என்ன, ஒரு நிரல் நினைவகத்தை எவ்வாறு பெறுகிறது என்று கற்றவர் எந்தத் தளத்திலும் வேலை செய்வார். எழுதியதைப் பாதுகாக்க விரும்புவோரும் அதனை ஒருங்குறியில், பல நிரல்கள் திறக்கக்கூடிய பொது வடிவத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைப்பது நல்லது. இன்று பெருவழக்கில் உள்ள இயக்குதளமும் ஒருநாள் ஆதரவு நின்றவற்றின் பட்டியலில் சேரும். அன்று அதிலிருந்து எடுத்துச் செல்ல முடிந்தவையே பயனருக்குச் சொந்தமானவை.